பழைய கணினிக்கு எங்கே பசி?

(விருதுநகர் மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பள்ளிகள் பலவற்றில் ஓர் அறை உண்டு. கதவில் பூட்டு தொங்கும். உள்ளே பழைய துணி போர்த்திய நான்கைந்து கணினிகள் இருக்கும். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் வருவதற்கு முன்பே வந்தவை அவை. சில அரசு கொடுத்தவை. சில, முன்னாள் மாணவர்களோ சிவகாசி அச்சகக்காரர்களோ தங்களுக்குப் புதிது வாங்கியபோது பள்ளிக்குத் தந்தவை. "ஓடுமா?" என்று கேட்டால், "ஓடும் சார், ஆனா ரொம்ப ஸ்லோ" என்று பதில் வரும். இருப்புப் பதிவேட்டில் அவை உயிரோடு இருக்கின்றன, வகுப்பறையில் இல்லை. ஒரு மாணவர் ஒரு கணினி என்று உட்கார முடியாமல், மூன்று பேர் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு, விசைப்பலகையை எட்ட முடியாத மூன்றாவது பிள்ளை வேடிக்கை பார்ப்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். பூட்டிய அறையில் இருக்கும் நான்கு கணினிகள் என்றால் அப்படிப்பட்ட நான்கு பிள்ளைகள்.

அந்தக் கணினிகளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். முதலிலேயே ஓர் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இருப்பவை, பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருப்பவை, உத்தரவாதக் காலம் முடியாதவை ஆகிய மூன்றையும் நாம் திறக்கக் கூடாது. அவற்றில் பழுது என்றால் புகார் பதிவு செய்வதே முறை. நான் சொல்லப் போவதெல்லாம் பள்ளியின் சொந்தப் பழைய கணினிகளுக்கு மட்டும்.

கணினி மனிதரைப் போல் மூப்படைவதில்லை. 2010இல் வாங்கிய செயலி அன்று ஒரு வினாடியில் செய்த கணக்கை இன்றும் அதே வினாடியில்தான் செய்கிறது. நாம் அதற்குக் கொடுக்கும் வேலை மாறிவிட்டது. அன்று ஸ்டார் ஆபீஸில் ஒரு கடிதம் தட்டினோம். இன்று உலாவியில் எமிஸ் பக்கம், ஒரு காணொளி, ஒரு பாடநூல் பிடிஎஃப் மூன்றையும் ஒன்றாகத் திறந்து வைக்கிறோம். கணினி முழுவதும் பழசாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அதற்கு ஓரிடத்தில்தான் பசி. அந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கே மட்டும் செலவு செய்தால் போதும். கண்டுபிடிக்காமல் கடைக்குப் போனால், கடைக்காரர் எதை விற்க நினைக்கிறாரோ அதை வாங்கிக்கொண்டு வருவோம்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. விண்டோஸ் கணினி என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமாகப் பயன்படுத்தும் நிரல்களைத் திறந்து வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அதைப் பாருங்கள். நினைவகம் 90 விழுக்காட்டைத் தாண்டியே நிற்கிறதா? பசி ரேமில். நினைவகம் பாதிதான், ஆனால் வட்டு எப்போதும் 100 விழுக்காட்டில் என்றால் பசி ஹார்டு டிஸ்க்கில். இரண்டும் சும்மா இருக்க, செயலி மட்டும் 100இல் நின்றால் அந்தக் கணினிக்கு நாம் செய்யக்கூடியது குறைவு. அதைத் தட்டச்சுப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ரேம் போதாதபோது கணினி வட்டில் ஒரு பகுதியை ரேம்போலப் பயன்படுத்தத் தொடங்கும். அதனால் இரண்டும் சேர்ந்து நிரம்பியிருந்தால் முதலில் ரேமைச் சந்தேகியுங்கள். பத்து வரி கொண்ட ஒரு தாளில் மாணவர்களையே இதைக் குறிக்கச் சொல்லலாம். எந்தக் கணினி, எத்தனை நிரல், எத்தனை விழுக்காடு. அறிவியலில் உற்றுநோக்கல் என்று நாம் சொல்லிக் கொடுப்பது இதைத்தானே.

இனி பெட்டியைத் திறக்க வேண்டும். இங்கேதான் பலரும் தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. உள்ளே இருக்கும் சிப்புகளுக்கு முதல் எதிரி நிலைமின்சாரம். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழும்போதும், பாலியெஸ்டர் புடவையோ சட்டையோ உரசும்போதும் நம் உடலில் மின்னூட்டம் ஏறுகிறது. கதவுப் பிடியைத் தொடும்போது விரலில் சுரீர் என்கிறதே, அது உணரும்படி இருக்க ஏறத்தாழ 3,000 வோல்ட் தேவை. அதற்குக் கீழே நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் சில சிப்புகள் சில நூறு வோல்ட்டிலேயே பழுதாகிவிடும். நாம் உணராமலேயே ரேமைக் கெடுத்துவிட்டுக் "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சொல்ல வாய்ப்பு உண்டு. வறண்ட காற்றில் இந்த மின்னூட்டம் எளிதில் கசிந்து போகாது. நம் மாவட்டத்தின் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இங்கே வேர்விட்டதற்கு இந்த வறட்சியும் ஒரு காரணம்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்து, கேபினட்டைத் திறக்கும் முன் ஏன் அதன் இரும்புச் சட்டத்தைத் தொட வேண்டும் என்று விளக்கத் தொடங்கினேன். எட்டாம் வகுப்பு அறிவியலில் படித்த மின்னியல் பாடத்தை நினைவூட்டினேன். உராய்வு, மின்னூட்டம், புவித்தொடுப்பு. பாதியில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், எங்கம்மா பயர் ஆபீஸ்ல உள்ள போறதுக்கு முன்னாடி தகட்டத் தொட்டுட்டுப் போவாங்களே, அதுவா?" அதேதான். மருந்து புழங்கும் அறை வாசலில் செம்பு அல்லது பித்தளைத் தகடு பதித்திருப்பார்கள். அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் இறங்கும். கையை அதில் வைத்தால் உடலில் இருக்கும் மின்னூட்டம் மண்ணுக்குப் போய்விடும். நைலான் துணி கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும். பொறி பறக்கும் இரும்புக் கருவி கூடாது. இந்த விதிகள் ஏன் வந்தன என்பதை இந்த வட்டாரத்தில் எந்த வீட்டுக்கும் விளக்க வேண்டாம். அங்கே ஒரு சிறு பொறியின் விலை உயிர். இங்கே, அதிகம் போனால் ஒரு ரேம்.

அந்தப் பிள்ளை கேட்டதிலிருந்து இந்தப் பாடத்தை நான் தலைகீழாக நடத்துகிறேன். முதலில் கேள்வி: "உங்க வீட்ல யார் பயர் ஆபீஸ் போறாங்க? உள்ள போறப்ப என்னென்ன செய்யணும்னு அவங்கள்ட்டக் கேட்டு எழுதிட்டு வாங்க." மறுநாள் தாள்கள் வரும். பருத்தி உடை, தகடு, வெறுங்கால், தரையில் ரப்பர் விரிப்பு, கைபேசி கூடாது என்று ஒவ்வொன்றும் வரும். அந்தப் பட்டியலில் பாதி அப்படியே கணினி பழுதுபார்ப்பவரின் பட்டியல். நிலைமின்சாரம் என்ற பாடத்தைப் பிள்ளை அம்மாவிடமிருந்து கற்றுக்கொண்டு வருகிறது. தான் செய்யும் வேலையில் அறிவியல் இருக்கிறது என்று அந்தத் தாய்க்கும் அன்று தெரிகிறது. கணினி அறிவியல் ஏதோ பெங்களூரில் இருப்பவர்களுக்கான படிப்பு என்று நினைக்கும் வீடுகளில் இதற்கு ஒரு பயன் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்த பெண்ணை மேலே படிக்க வைக்கலாமா, வேலைக்கு அனுப்பலாமா என்ற பேச்சு நம் ஊர்களில் இன்னும் முடிந்துவிடவில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். மின்கேபிளை முழுமையாகக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கழற்றிய பிறகு, பவர் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். மர மேசை நல்லது. பருத்தி உடை நல்லது. ஜன்னல் கம்பி போல மண்ணோடு தொடர்புள்ள உலோகத்தையும் பிறகு கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியையும் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வேலைக்கு நடுவிலும் அவ்வப்போது தொடுங்கள். ரேமை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்பெட்டியை மட்டும் யாரும் திறக்கவே கூடாது, நாமும்தான். மின் இணைப்பைக் கழற்றிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் மின்னூட்டம் நிற்கும். அது கெட்டால் முழுப்பெட்டியாக மாற்றுவதுதான் வழி.

உள்ளே முதலில் தெரிவது கரிசல் புழுதி. ஒரு நல்ல பெயின்ட் பிரஷும் காற்றூதியும் போதும். அறைக்கு வெளியே வைத்து ஊதுங்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். விசிறியை ஒரு விரலால் சுழலாமல் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். செயலியின் மேல் உள்ள பழைய பேஸ்ட் காய்ந்து உதிர்ந்திருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பொட்டு வையுங்கள். சித்திரை மாதத்தில் மதியம் தானாக அணைந்து போகும் கணினிகளில் பலவற்றுக்கு நோய் இதுவே.

அடுத்து ரேம். சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான்.

நாம் 2 ஜிபியைக் குறைவு என்கிறோம். 1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் முதன்முதலாகப் பள்ளிகளுக்குக் கணினி கொடுத்தபோது வந்தது பிபிசி மைக்ரோ. அதன் ரேம் 32 கிலோபைட். இன்று நாம் ஓரம் கட்டி வைத்திருக்கும் 2 ஜிபி கணினியில் அதைப் போல் 65,536 மடங்கு இருக்கிறது. இரண்டின் அடுக்கு பதினாறு. கணக்கு ஆசிரியர்கள் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம்.

பழைய கணினிகளில் நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் டிடிஆர்2 அல்லது டிடிஆர்3. இரண்டுக்கும் 240 ஊசிகள், நீளமும் ஒன்றே. ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். அதனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள், அந்த வெட்டு உங்களைத் தடுப்பதற்காகவே வைத்தது. டிடிஆர்2க்கு 1.8 வோல்ட், டிடிஆர்3க்கு 1.5 வோல்ட். ரேமில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். பிசி2 என்று தொடங்கினால் டிடிஆர்2, பிசி3 என்றால் டிடிஆர்3. அந்தத் தாளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டின் பெயரையும் படம் எடுங்கள், அது போர்டின் மேலேயே அச்சாகியிருக்கும். இந்த இரண்டு படங்கள் இல்லாமல் கடைக்குப் போக வேண்டாம்.

மதர்போர்டின் பெயர் எதற்கு என்றால், ஒவ்வொரு போர்டுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. இன்டெல் ஜி31 சிப்செட் உள்ள போர்டு 4 ஜிபிக்கு மேல் ஏற்காது. இரண்டு ஸ்லாட், ஆளுக்கு 2 ஜிபி. ஜி41 என்றால் 8 ஜிபி வரை போகலாம், ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜி41 போர்டில் 4 ஜிபி டிடிஆர்3 ரேம் போடுவதானால் அதன் இரு பக்கமும் சேர்த்து 16 கறுப்புச் சிப்புகள் இருக்க வேண்டும். எட்டே சிப்புகள் உள்ள புதிய வகை 4 ஜிபி ரேமை அது அடையாளம் காணாது. அதே ரேம் எச்61 போர்டில் ஒழுங்காக ஓடும். ஆகவே சிப்புகளை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று: 4 ஜிபி டிடிஆர்2 என்று மலிவாக ஒன்று விற்பார்கள். அவற்றில் பல ஏஎம்டி போர்டுகளில் மட்டும் ஓடக்கூடியவை, இன்டெல் போர்டில் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். சர்வர்களிலிருந்து கழற்றிய ரேமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், நம் கணினியில் ஓடாது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் மதுரையில் வாங்கினாலும் 'ஓடவில்லை என்றால் மாற்றித் தருவேன்' என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய ரேமைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ரேம் தேய்மானம் அடையும் பொருள் அல்ல.

அதற்கும் முன்னால் ஒன்று செய்து பாருங்கள். பொத்தானை அழுத்தியதும் பீப் பீப் என்று கத்திக்கொண்டு திரையில் ஒன்றும் வராமல் நிற்கும் கணினி இருக்கிறதா? ரேமைக் கழற்றுங்கள். அதன் அடியில் தங்க நிறத்தில் தெரியும் பற்களை மாணவர்களின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள், தூளைத் துடையுங்கள், மறுபடியும் 'கிளிக்' என்று இரு பக்கப் பிடியும் பூட்டும்வரை அழுத்துங்கள். கண்டம் செய்யப் பட்டியல் போட்டு வைத்திருந்த கணினிகளில் சில இந்த ஒரு வேலையிலேயே எழுந்து உட்காரும்.

4 ஜிபி போட்டீர்கள், கணினி 3.25 என்றோ அதை ஒட்டியோ காட்டுகிறது. பயப்பட வேண்டாம், ரேம் போலி இல்லை. இயக்க அமைப்பு 32 பிட் என்றால் அது எண்ணக்கூடிய முகவரிகள் இரண்டின் அடுக்கு முப்பத்திரண்டு, அதாவது 4,294,967,296. அவ்வளவுதான் 4 ஜிபி. அதில் ஒரு பகுதியைக் கார்டுகளுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் முகவரியாக ஒதுக்கிவிடுகிறது. 64 பிட் இயக்க அமைப்பை நிறுவினால் முழுதும் தெரியும். பதினொன்றாம் வகுப்பில் எண் முறை நடத்தும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஹார்டு டிஸ்க்கைப் பற்றிச் சுருக்கமாக. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி வினாடி எடுக்கும். வேண்டிய தகவல் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஊசி நகரும் நேரம் தனி. சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியில் இந்தக் காத்திருப்பு ஒரு மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். பழைய போர்டில் சாட்டா இணைப்பு இருந்தால் போதும், பொருத்திவிடலாம். ரேம் 4 ஜிபி இருந்து, கையில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டியை வாங்குங்கள் என்பது என் கருத்து.

அடுத்து விரிவாக்கக் கார்டுகள். மதர்போர்டின் பின்பக்கம் நீளமான ஸ்லாட்டுகள் சும்மா கிடக்கின்றனவே, அவை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் அப்படி ஐந்து ஸ்லாட்டுகள் இருந்தன. எதிர்காலத்தில் என்ன தேவைப்படும் என்று தெரியாததால் காலி இடம் விட்டு வைத்தார்கள். அந்தக் காலியிடத்தால் நமக்கு ஒரு பெரிய நன்மை கிடைத்தது. அன்றைய கணினிக்கு ஆங்கிலம் தவிர வேறு எழுத்து தெரியாது. கான்பூர் ஐஐடியில் தொடங்கிய ஆய்வை புனேயின் சி-டாக் நிறுவனம் வளர்த்தெடுத்து 'ஜிஸ்ட்' என்ற கார்டாகக் கொண்டுவந்தது. அந்தக் கார்டை ஸ்லாட்டில் சொருகினால் டாஸ் கணினித் திரையில் தமிழும் இந்தியும் மற்ற இந்திய மொழிகளும் தெரிந்தன. யூனிகோடும், 1999இல் வந்த தமிழ்99 விசைப்பலகையும் வருவதற்கு முன்னால், அப்படி ஒரு கார்டின் வழியாகவும் தமிழ் கணினிக்குள் நுழைந்தது. இன்று கைபேசியில் தமிழில் தட்டும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், வியப்போடு கேட்பார்கள்.

இன்று நமக்கு என்ன கார்டு தேவைப்படும்? நம் ஊரில் முதல் தேவை லேன் கார்டு. ஐப்பசி மழையில் இடி இடித்த மறுநாள் இணையம் வரவில்லை என்றால், கேபிள் வழியாக வந்த மின்னெழுச்சியில் மதர்போர்டின் லேன் முனை போயிருக்கலாம். அதற்காக மதர்போர்டை மாற்றச் சொல்வார்கள், வேண்டாம். ஒரு சாதாரண லேன் கார்டைச் சொருகினால் போதும். வாங்கும்முன் ஸ்லாட்டைப் பாருங்கள். பழைய பிசிஐ ஸ்லாட் நீளமானது, பெரும்பாலும் வெள்ளை நிறம். சிறிய கட்டை ஸ்லாட் என்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ். ஒன்றின் கார்டு மற்றொன்றில் போகாது. இடி இடிக்கும்போது மின்கேபிளோடு லேன் கேபிளையும் கழற்றி வைக்கும் பழக்கம் வந்தால் இந்தச் செலவும் மிச்சம்.

யூஎஸ்பி 3.0 கார்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் போடலாம். பழைய போர்டில் அதன் முழு வேகம் கிடைக்காது. ஆனாலும் காணொளிப் பாடங்களைப் பென் டிரைவில் ஏற்றும் நேரம் நன்றாகக் குறையும். கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலான பள்ளிகளுக்கு வீண்செலவு. மாணவர்கள் கேட்பார்கள், எதற்கென்று உங்களுக்கே தெரியும். திறன்பலகையை இணைக்க எச்டிஎம்ஐ முனை இல்லை என்பது மட்டுமே குறை என்றால், விஜிஏவை எச்டிஎம்ஐயாக மாற்றும் சிறு மாற்றியே போதும். அதற்கும் மீறி வாங்குவதானால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி மின்கேபிள் கேட்காத சிறிய கார்டாகப் பாருங்கள். பழைய எஸ்எம்பிஎஸ் பெரிய கார்டைத் தாங்காது.

கடையில் கிடைக்கும் பொருள்களில் மிக மலிவானதும் மறக்கப்படுவதும் மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி. சிஆர்2032, 3 வோல்ட். இது தீர்ந்துவிட்டால் கணினியை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழ் செல்லாது என்று உலாவி தடுத்துவிடும். "எமிஸ் திறக்கல, சர்வர் டவுன்" என்று நாம் சொல்லும் நாள்களில் ஒன்றிரண்டு நாளாவது பழி சர்வருடையது அல்ல, இந்த பேட்டரியுடையது. திரையின் வலது கீழ் மூலையில் தேதியை முதலில் பாருங்கள்.

மென்பொருள் பற்றி ஒரு சொல். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இலும் முடிந்தன. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகள் இந்தப் பழைய செயலிகளிடம் இல்லை. வலிந்து நிறுவுவதில் எனக்கு உடன்பாடில்லை. லினக்ஸ் நமக்கு அந்நியம் அல்ல. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலேயே வந்தது. 4 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் உள்ள பழைய கணினியில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நன்றாக ஓடும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பள்ளிகள் ஆண்டுக்கணக்காக லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. அங்கே ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் 'ஹார்டுவேர் கிளினிக்' என்று முகாம் வைத்துப் பழுதான கணினிகளைச் சரிசெய்தார்கள். 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றத்தில் பிள்ளைகளுக்கு வன்பொருள் பயிற்சியும் உண்டு. செங்கோட்டையைத் தாண்டினால் நடப்பது ராஜபாளையத்தில் நடக்காதா என்ன?

எல்லோர் மனத்திலும் இருக்கும் கேள்வி தணிக்கை. கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது? அதனால்தான் எதையும் எழுத்தில் செய்யச் சொல்கிறேன். திறக்கும்முன் தலைமை ஆசிரியரின் எழுத்து அனுமதி வாங்குங்கள். செலவு என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் எழுதுங்கள். ஒரு கணினியின் ரேமைக் கழற்றி இன்னொன்றில் போட்டால், எதிலிருந்து எதற்கு, எந்தத் தேதியில் என்று இருப்புப் பதிவேட்டில் குறித்துத் தலைமை ஆசிரியரின் கையெழுத்தைப் பெறுங்கள். ஐந்து செத்த கணினிகளிலிருந்து மூன்று ஓடும் கணினிகளை எடுக்கலாம். பதிவேட்டில் ஐந்தும் ஐந்தாகவே இருக்க வேண்டும். கழற்றிய உறுப்புகளைப் பெயர் எழுதி ஒரு பெட்டியில் வையுங்கள், எடைக்குப் போடாதீர்கள். மின்னணுக் கழிவுக்கென்று 2022ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போக வேண்டும். செம்புக்காகக் கேபிளை எரிக்கும் புகை நம் ஊர்களுக்கு வேண்டாம்.

நன்கொடை கேட்கும்போது "கம்ப்யூட்டர் குடுங்க" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "எங்களிடம் ஜி41 போர்டு கணினி நான்கு இருக்கிறது, ஆளுக்கு ஓர் எஸ்எஸ்டியும் 4 ஜிபி ரேமும் வேண்டும்" என்று தாளில் எழுதிக் கொடுங்கள். தொகை சிறியது, பொருள் தெளிவானது. முன்னாள் மாணவர்கள் நாலு பேர் சேர்ந்தால் முடிந்துவிடும். அச்சகங்களில் பட வேலை செய்த பழைய கணினிகளை மாற்றும்போது கேட்டுப் பாருங்கள். அந்த வேலைக்கு நினைவகம் நிறைய தேவை என்பதால் அவற்றில் ரேம் கூடுதலாகவே இருக்கும்.

ஸ்க்ரூடிரைவரை யார் கையில் கொடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் கேட்டால் பையன்கள் நாலு பேர் முந்திக்கொண்டு வருவார்கள். பெண் பிள்ளைகள் பின்னால் நின்று குறிப்பெடுப்பார்கள், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று நாமும் அவர்களிடமே நோட்டைக் கொடுப்போம். முறை வையுங்கள். ஒரு கணினிக்கு ஒருவர் கழற்ற, ஒருவர் படம் எடுக்க, ஒருவர் எழுத, அடுத்த கணினிக்கு மாற வேண்டும். குச்சி அடுக்கியும் திரி செருகியும் பழகிய வீடுகளிலிருந்து வரும் விரல்கள் அவை. ரேமின் இரு பக்கப் பிடியைச் சேதமில்லாமல் திறக்க அந்த நிதானம்தான் வேண்டும்.

முன் மேசையில் மூன்று கணினிகள் வைத்திருக்கிறோம். முதலாவது பீப் போடுகிறது, இரண்டாவது தேதியை மறக்கிறது, மூன்றாவதற்கு என்ன நோய் என்று சொல்லப் போவதில்லை. தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். வரும்போது ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வாருங்கள்.